மூன்றாம் படியில் நீர்நாய்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னவன். ஒன்றுகூட விடாமல் சொன்னவன். விலங்கியல்தான் படிப்பேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றபோது, "இந்தப் பொண்ணு புலியைப் பாக்கக் கிளம்பி, கடைசியில கல்லுடைக்கிறவனுக்குக் காகிதம் எழுதித் தரப்போறா" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். என் தங்கச்சிக்கு அது மறந்திருக்கும். அவளுக்கு எதுதான் ஞாபகம் இருந்தது? நம்ம மலைக்கு ஒருநாள் குவாரிக்காரன் வருவான் என்றும் சொன்னேன். வந்துவிட்டான்.

நேற்றுக் காலை ஒரு ஜீப். நாலு பேர். பாறைக்குப் பாறை சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக இந்த ஏரித் தண்ணீரை ஊருக்கு ஏற்றிக் கொடுக்கிறவன் நான், என்னைக் கேட்காமல் எப்படி? பம்ப் ஹவுஸிலிருந்து ஒரே தாவலில் போய் ஜீப்பை மறித்தேன். டிரைவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அப்போதுதான் ஜீப் கதவைப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் நீ கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையில் உள்ள பெயர்.

டீக்கடைக்காரன் கேட்கிறான்: "என்ன ரேடியோ, உங்க மருமக கம்பெனிதானே மலையை வெட்டப்போகுது?" என்னை ரேடியோ என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். குரல் அவ்வளவு தெளிவு. நேற்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இது நீ செய்கிற வேலையா? போன் பண்ணாதே. இப்போதெல்லாம் போனில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். எழுது.

உன் தாய்மாமன்

*

ஜனவரி 17

மாமா,

ஆமாம். எங்கள் கம்பெனிதான். நான் செய்கிற வேலைதான்.

குவாரி நடத்துகிறவர்கள் எங்களுக்கு வேலை கொடுப்பார்கள். மலை, தண்ணீர், காற்று, உயிரினம் எல்லாவற்றையும் பற்றி நாங்கள் அறிக்கை எழுதுவோம். அதை வைத்துத்தான் அனுமதி. உயிரினங்கள் பகுதி என்னுடையது. 'இப்பகுதியில் குறிப்பிடத்தக்க வனவிலங்கு எதுவும் காணப்படவில்லை' என்ற வரி கோப்பில் முன்பே அடித்து வைத்திருக்கும். மலையின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு வருடத்தில் பத்தொன்பது மலைகளுக்கு மாற்றியிருக்கிறேன். ஒருமுறை காய்ந்த பாறைக் குன்று ஒன்றின் அறிக்கையில் கடல் ஆமை என்று போய்விட்டது. அதற்கு முந்தைய அறிக்கை ஒரு துறைமுகத்துக்கு எழுதியது; அழிக்க மறந்துவிட்டேன். அந்தக் குன்றுக்கும் அனுமதி கிடைத்தது. ஒருவரும் படிக்கவில்லை என்று அன்று தெரிந்தது. கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு வந்து அடுத்த கோப்பைத் திறந்தேன்.

ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அது கம்பெனி கொடுத்திருக்கும் காப்பீட்டில் நடக்கிறது.

ஆனால் இந்த முறை மலையின் பெயரை மாற்றிவிட்டு என்னால் கோப்பை மூட முடியவில்லை. மேனேஜரிடம் கெஞ்சி, நேரில் பார்க்க இரண்டு நாள் வாங்கியிருக்கிறேன். அங்கே நிஜமாக ஏதாவது இருந்தால்தான் நான் எழுத முடியும். நீங்கள் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். பார்த்ததை மட்டும். உங்கள் முட்டியை வைத்துக்கொண்டு ஒரே தாவலில் ஜீப்பை மறித்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி எழுத வேண்டாம்.

*

ஜனவரி 25

மருமகளே,

முட்டியைப் பற்றி நீ எழுதியது என் மனதைச் சுட்டுவிட்டது. சரி, ஒரே தாவல் இல்லை. இரண்டு தாவல்.

நீ கேட்டபடி கலப்படம் இல்லாமல் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். மற்றவன் ஒரு தடவை படித்ததை மூன்று தடவை படித்திருக்கிறேன் என்றால் யாருக்கு அறிவு அதிகம் என்று நீயே பார்த்துக்கொள்.

முயல்: ஏராளம். நரி: போன வருஷம் ஒன்று வாசலில் நின்று மோட்டார் ஓடுவதைக் கேட்டுவிட்டு, சரியாகத்தான் ஓடுகிறது என்று தலையாட்டிவிட்டுப் போனது. ஆந்தை: மலை இடுக்கில் இரண்டு, தலையில் கொம்பு வைத்தது. சிறுத்தை: பார்த்தேன் என்று சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

அப்புறம் நீர்நாய்.

அக்டோபர் கடைசி, மழை விட்ட மறுநாள். காலை ஆறு பத்து. மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏரியில் இறங்கும் படிக்கட்டில், மேலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தது. ஈர மண் நிறம். இரண்டு கையாலும் மீனைப் பிடித்துத் தலைப்பக்கத்திலிருந்து தின்றது, நாம் வெள்ளரிக்காய் கடிப்பது போல. கடிக்கிற சத்தம் கேட்டது. மீசையில் செதில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தது, பயப்படவில்லை. தின்று முடித்து, இரண்டு கையையும் கல்லில் தேய்த்துத் துடைத்தது. பிறகு தண்ணீர் கலங்காமல் உள்ளே போனது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ நம்பமாட்டாய், ஆனால் என்னாலும் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருக்க முடியும்.

*

பிப்ரவரி 12

மாமா,

ஊருக்கு வந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். டீக்கடையில் என்னை நிறுத்தி, "குவாரியை நிறுத்துற ஆர்டர் இவ பையிலதான் இருக்கு" என்று சொன்னீர்கள். என் பையில் இருந்தது ஒரு தொலைநோக்கியும் பிஸ்கட் பொட்டலமும். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் மலை மேலே இருந்தேன். கொம்பன் ஆந்தை ஜோடி, கூட்டில் முட்டை. நாற்பத்தொரு வகைப் பறவை. உச்சிக்குக் கீழே சுனை. கோடையிலும் வற்றாதாம். ஏரிக்கு வருவதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் விடிவதற்கு முன்னாலிருந்து மதியம் வரை உங்கள் மூன்றாவது படிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் போக நேரமில்லாமல் போய்விட்டது. அத்தை அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தது வேறு வருத்தம். அவரையும் பார்க்கவில்லை.

ஆந்தையும் சுனையும் போதாது. அதை எழுதினால் ஓரமாக ஒரு வரி சேர்த்துவிட்டு அனுமதி கொடுத்துவிடுவார்கள். நீர்நாய் அப்படி இல்லை. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் முதல் வரிசை. அது இருக்கிறது என்று எழுதினால் நிபுணர் குழு நேரில் வந்தே ஆகவேண்டும். இருப்பது உறுதியானால் ஒரு வருஷம் முழுக்க ஆய்வு நடக்கும், அதுவரை ஒரு கல்லை அசைக்க முடியாது.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மீசையில் செதில், கையைக் கல்லில் துடைப்பது. பார்க்காதவர்களால் இதைச் சொல்ல முடியாது. நான் படித்த புத்தகங்களில் பாதியில் அது இல்லை. அதனால் கேட்கிறேன். நிஜமா? நிஜம் என்றால் கையெழுத்துப் போட்டு, தேதி, நேரம், இடம் எழுதி அனுப்புங்கள். இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி போதும். கோபப்படமாட்டேன்.

*

பிப்ரவரி 18

மருமகளே,

கோபத்தில் உனக்கு உன் அம்மாவின் மூக்கு வருகிறது. அதற்காகவே உன்னைக் கோபப்படுத்தலாம்.

ஆர்டர் இருக்கிறது என்று நான் சொன்னது ஊர்க்காரனுக்குத் தெம்பு வரட்டும் என்று. உன்னைப் பெருமையாகச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

இத்தோடு தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபர் 29, காலை 6.10, பம்ப் ஹவுஸ் படிக்கட்டு, மேலிருந்து மூன்றாவது. கையெழுத்தும் போட்டிருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன், எதைக் கேட்டாலும் இருக்கட்டும் என்று. ஏரித் தண்ணீர் மேல் ஆணை. நீ ஒரு தடவை கேட்டால் நான் மூன்று தடவை சொல்கிறேன்: பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்.

*

மார்ச் 4

மாமா,

சேர்த்துவிட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டார். "யாராவது பாத்தாங்களாம்மா?"

"பாத்தாங்க சார். எழுதிக் கொடுத்திருக்காங்க."

"யாரு?"

"அங்க இருக்கிற பம்ப் ஆபரேட்டர்."

என் மாமா என்று சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை. அந்தப் பக்கத்தை எடுத்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். "சரி, போடும்மா. குழு வந்து பாக்கட்டும். நமக்கென்ன?" அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வீட்டுக்கு வந்து பசியோடு சாப்பிட்டேன். அம்மா என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு பக்கம் நன்றாக எழுதினேன் என்றேன்.

வரும் பதினான்காம் தேதி குழு வருகிறது. மூன்று பேர். பத்து நாளைக்கு அந்தப் படியைச் சுற்றிக் கேமரா கட்டுவார்கள்; எது நடந்தாலும் தானாகப் படம் எடுக்கும். உங்களைக் கேள்வி கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கூட்டம் சேர்க்காதீர்கள். நான் உங்களுக்கு யார் என்று சொல்லாதீர்கள். படி பக்கம் போகாதீர்கள். இந்த ஒருமுறை மட்டும் மாமா, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

*

மார்ச் 29

என் வெற்றித் திருமகளுக்கு,

நீ பார்த்திருக்க வேண்டும்! வந்த மூன்று பேரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் நின்று, நீர்நாயின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இருந்த கண்ணாடிக்கார அம்மா நிறுத்தாமல் எழுதிக்கொண்டார். இரண்டு குட்டியும் உண்டு என்று சேர்த்துவிட்டேன், விஷயம் கனமாக இருக்கட்டும் என்று. "நீங்க வெறும் ஆபரேட்டர்தானே, இவ்வளவு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தன் கேட்டான். வெறும் ஆபரேட்டராம்! "அறிக்கை எழுதின பொண்ணுக்கே நான் தாய்மாமன், எங்க குடும்பத்துக்கே இந்த அறிவு" என்று சொன்னதும் அடங்கிவிட்டான். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

நாலு கேமரா கட்டினார்கள். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் மட்டும் சின்ன உதவி. அரை வாளி உயிர்மீன் வாங்கிவந்து மூன்றாவது படியில் போட்டேன். விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டுத் தட்டு வைக்காமல் இருக்கலாமா? அந்த நேரத்தில் கேமரா தூங்கியிருக்கும், பட்டப்பகல்.

ஊரில் எல்லோரும் குவாரி ஒழிந்தது என்கிறார்கள். டீக்கடைக்காரன் ஒரு வாரமாக எனக்கு முதல் டீ கொடுக்கிறான்.

*

ஏப்ரல் 21

மாமா,

பத்து நாளில் எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். நாய்கள். ஒரு கொக்கு. குளிக்கிற பிள்ளைகள். ஏழாம் நாள் மதியம் இரண்டு இருபதுக்கு வாளியோடு நீங்கள். பதினோரு படங்களில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஒன்றில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

குழு என்னைக் கூப்பிட்டு அந்தப் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தது. அந்தக் கண்ணாடி போட்ட அம்மா கத்தவில்லை. "மோட்டார் ஓடிக்கிட்டிருக்கும்போது மீனைக் கடிக்கிற சத்தம் எப்படிம்மா கேக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை மாமா? பக்கத்தில் நின்று கத்தினாலே உங்களுக்குக் கேட்காது. அது எனக்குத் தெரியாதா?

சாட்சி உறவினர், தடயம் ஜோடிக்கப்பட்டது, எனவே உயிரினங்கள் பகுதி முழுவதும் தள்ளுபடி. முழுவதும் என்றால் ஆந்தை, முட்டை, நாற்பத்தொரு பறவை, சுனை எல்லாம். நான் கண்ணால் பார்த்த ஒவ்வொன்றும். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து, பழைய வரியில் மலையின் பெயரை மாற்றி, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மேனேஜர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிகிறது. அவருக்கு அந்த அறிக்கை ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை. குழுவே வந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்க முடியாது, அதுதான் அவருக்கு வேண்டியது. அனுமதி வந்துவிட்டது.

பத்தொன்பது மலைக்குப் பொய் எழுதினேன், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நிஜம் என்று நம்பி எழுதிய ஒரு பக்கத்துக்காக என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் இனி யாரும் எடுக்கமாட்டார்கள், என் பெயரைச் சுற்றறிக்கையில் போட்டிருக்கிறார்கள். காப்பீடு மாதக் கடைசியோடு முடிகிறது. அம்மா வாரம் ஒருமுறை போதும் என்கிறார். தனக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். கால் வீங்கியிருக்கிறது.

திட்டுவதற்கு எழுதவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீங்கள் நீர்நாயைப் பார்த்தீர்களா?

*

ஜூன் 2

மருமகளே,

ஆறு வாரமாகிவிட்டது. நான்கு கடிதம் எழுதினேன். நான்கும் நன்றாக வந்திருந்தன. அதனால்தான் கிழித்துவிட்டேன்.

இங்கே வேலை தொடங்கிவிட்டது. காலை பதினொன்றுக்கு ஒரு வெடி, மாலை நாலுக்கு ஒரு வெடி. எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். டம்ளர், தலையணை, மோட்டார் எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு. ஆந்தை முதல் வெடிக்கே போய்விட்டது. ஏரியில் தண்ணீர் ஐந்தாவது படிக்கு இறங்கிவிட்டது, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் மோட்டார் போட முடிகிறது. டீக்கடைக்காரன் பேசுவதில்லை. ரேடியோ என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

உன் கடிதம் வந்த அன்று உன் அத்தை படிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, உன்னிடமிருந்து வரும் கடிதம், நான் எழுதும் கடிதம் எல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன். வேண்டிய இடத்தில் வேண்டியபடி படிப்பேன். அன்றைக்கு எனக்கு மாற்றிப் படிக்க வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தேன். படியில் கேமரா, படியில் நாய், படியில் நான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "படியில எதுக்குத் தேடுனாங்க?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"ஓடையிலதானே இருக்கு. அங்க ஏன் போகல?"

மலைக்கு அந்தப் பக்கம், சுனைத் தண்ணீர் ஓடையாக இறங்கும் இடத்தில் அவள் துவைக்கப் போவாள். உனக்கு நேரமில்லாமல் போனது என்று எழுதினாயே, அந்தப் பக்கம். என் முட்டியோடு நான் அங்கே போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மழை விட்ட மறுநாள் முதலில் பார்த்தாளாம். பிறகு மூன்று நாலு தடவை. வெள்ளரிக்காய் கடிக்கிற மாதிரி என்றது அவள். செதில், சத்தம், கையைத் துடைத்தது எல்லாம் அவள் சொன்னது, அதில் நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. பார்த்தது உன் அத்தை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் கை 'நான்' என்று எழுதிவிட்டது. நான் என்று எழுதிய பிறகு எனக்கு எட்டுகிற இடம் வேண்டும் அல்லவா?

நீ இரண்டாம் தடவை கேட்டபோதே சொல்லியிருக்கலாம். நீ கோபப்படமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்குள் டீக்கடையில் நான்தான் பார்த்தவன் ஆகியிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குழு வந்த பத்து நாளும் அவளை ஓடைக்குப் போகவிடவில்லை. "அங்கயும் கேமரா கட்டியிருக்காங்க, நீ போனா அது வராது" என்று சொல்லி நிறுத்தினேன். குழுக்காரர் யாரும் அவளைப் பார்த்துப் பேசிவிடக் கூடாதே என்று. அவளும் வீட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிடித்துத் துவைத்தாள், நீர்நாய் பயப்படக் கூடாது என்று.

கடிதத்தைக் கேட்ட மறுநாள் அவள் ஓடைக்குப் போனாள். லாரிப் பாதைக்காக அதை மண்ணும் சல்லியும் கொட்டி மூடியிருக்கிறார்கள். எங்கே இருந்தது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லையாம். திரும்பி வந்து சேலையை உதறிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். நான் பார்க்கவில்லை. அது இருந்தது. பார்த்தவள் உன் அத்தை, பார்த்த இடம் ஓடை. மூன்றாவது படி நான் சேர்த்தது.